நூற்றுக்குப் பதினெட்டு

வீரம்மா எங்கள் ஆய்வில் நாற்பத்தெட்டு நாட்கள் இருந்தார். அந்த நாட்களில் நான் அவரிடம் நான்கு முறை பேசினேன். முதல் முறை நேரில், மற்ற மூன்று முறையும் தொலைபேசியில். நான்கு முறையும் அவர் எனக்கு ஓர் எண்ணைச் சொன்னார்.

நாட்பட்ட நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஆய்வு அது. தலவாக்கலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் நாற்பது பேர். எல்லோருக்கும் இருதயம் பலவீனம். கால் வீங்கும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும். மருந்து சரியாக இருந்தால் பல வருடம் நடமாடலாம். நான் விஞ்ஞானப் பட்டம் முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்தபோது கிடைத்த வேலை. புதிய ஆட்களிடம் பேச எனக்கு வராது. ஆனால் கேள்விகளை அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். வாசித்தால் போதும்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு படம் உண்டு. காய்ச்சல் பார்க்கும் குழாயைப் போல நீளமாக ஒரு கோடு. கீழே பூச்சியம், மேலே நூறு. பூச்சியம் மிக மோசமான நிலை, நூறு மிக நல்ல நிலை. இன்றைக்கு உங்கள் சுகம் எங்கே இருக்கிறது என்று நோயாளி விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் அந்த எண்ணை மட்டும் கேட்போம். முதலில் சொன்னதிலிருந்து பத்துப் புள்ளி குறைந்தால் அன்றே ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டருக்கு அறிவிக்க வேண்டும். அவர் ஆளைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டு மருந்தை மாற்றுவார்.

வீரம்மாவின் வீடு, லயத்து வரிசையில் ஒன்று, வட்டகொடைக்கு மேலே இருந்தது. நான் போன நாளில் நல்ல மழை. ஒரே அறை. கட்டிலில் அவர், முக்காலியில் நான், வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர். தனியாகப் பேச வேண்டும் என்று விதியில் இருந்தது. அவர்களைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை கண்கள் பார்த்திருக்க, அந்தப் பெரிய படத்தை மடியில் விரிக்கவும் கூச்சமாக இருந்தது. படத்தைப் பையிலேயே வைத்துவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, இன்றைக்கு உங்கள் சுகத்தை ஓர் எண்ணாகச் சொல்லுங்கள், எண் கூடக்கூட நல்லது என்று வேகமாகக் கேட்டு முடித்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பதினெட்டு போடுங்க புள்ள."

வாசலில் நின்றவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வீரம்மாவும் சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பதினெட்டு என்று எழுதினேன். அவர் கொடுத்த தேத்தண்ணீரை அவசரமாகக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

அந்த வாரம் பல பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள். பதினாறு, பதினேழு, இருபது. படத்தை நான் எங்குமே விரிக்கவில்லை. எண்கள் இவ்வளவு குறைவாக இருக்கின்றனவே என்று டொக்டரிடம் கேட்டேன். தோட்டத்து வாழ்க்கை அப்படித்தானே, இதுவே ஒரு கண்டுபிடிப்புத்தான் என்றார் அவர். எனக்கும் அது சரியென்றே பட்டது.

பதினான்காம் நாள் வீரம்மா பதினைந்து என்றார். இருபத்தெட்டாம் நாள் பன்னிரண்டு. இரண்டு தடவையும் என் அம்மாவை விசாரித்தார். சாப்பிட்டேனா என்று கேட்டார். நாற்பத்திரண்டாம் நாள் பதில் வரச் சற்று நேரமானது. மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. மேட்டில் நடந்துகொண்டே பேசுகிறார் என்று நினைத்தேன்.

"ஒம்பது போடுங்க. அதுக்கு மேல சொன்னா பொய்."

பதினெட்டிலிருந்து ஒன்பது. ஒன்பது புள்ளிதான் குறைவு, பத்து இல்லை. எழுதிவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினேன்.

ஐம்பத்தாறாம் நாள் தொலைபேசியைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்தார். வீரம்மா தவறிப் போய் எட்டு நாளாகிறது என்றார்.

அதற்கு அடுத்த கிழமை மாயாண்டி என்பவரைப் பார்க்கப் போனேன். ஆய்வில் கடைசியாகச் சேர்ந்த ஆள். முப்பது வருடம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். கடைசிக் கேள்விக்கு அவர் நூற்று நாற்பது என்றார். நூற்றுக்கு மேல் சொல்ல முடியாது என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நூறா? நூறு செடி வெட்டுனா கணக்கப்புள்ள அரைப்பேர்தானே போடுவாரு. நான் என்னா அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

தோட்டத்தில் ஒரு முழுநாள் வேலைக்குப் பேர் என்று சொல்வார்கள். சொன்ன அளவு முடித்தால் ஒரு பேர், முடிக்காவிட்டால் அரைப்பேர். அவர்கள் தோட்டத்தில் கவ்வாத்துக்கு அளவு இருநூறு செடி. கொழுந்துக்கு அளவு பதினெட்டுக் கிலோ.

என் அம்மா இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே அன்றைய எண்ணைச் சொல்வார். பதினெட்டு என்றால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்போம். அதைக் கேட்டே வளர்ந்த நான், படிவத்தைக் கையில் எடுத்ததும் மறந்திருந்தேன். வாசலில் நின்ற பெண்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று இப்போது தெரிந்தது. ஒரு வருடமாகக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாதவள் பதினெட்டு என்கிறாளே என்றுதான்.

வீரம்மாவின் பதினெட்டு, நூற்றுக்கு நூறு. ஒன்பது, நூற்றுக்கு ஐம்பது. பதினைந்து என்று சொன்ன அன்றே அவர் பத்துப் புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தார். அதற்குப் பிறகு முப்பத்துநான்கு நாள் உயிரோடு இருந்தார்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. பழைய எண்களை நீக்கிவிட்டு எல்லோரிடமும் மறுபடி கேட்கலாம் என்றார். மருந்தை மாற்றியிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பார் என்றும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, குடும்பத்தாரிடம் இதைச் சொல்லி அவர்களை நோகடிக்க வேண்டாம், மரணப் படிவத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்றார். அவர் சொன்னதில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. பஸ்ஸில் போகும்போது அதையே திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

வீரம்மாவின் கணவர் சோலைமலை கினிகத்தேனையில் சரிபுதீன் முதலாளியின் கடையில் மூட்டை தூக்குபவர். கடையிலேயே தங்கி, மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவார். முப்பதாம் நாள் காரியம் முடிந்தும் அவர் வேலைக்குத் திரும்பவில்லை. நான் போனபோது அடுப்பு மூட்டாத வீட்டில் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரிதான் முக்காலியைத் துடைத்துப் போட்டார். கடைசி இரண்டு வாரமும் வீரம்மாவால் படுக்க முடியவில்லையாம். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைச் சுருட்டி முதுகுக்கு வைத்து, சுவரில் சாய்ந்தபடியே விடியும்வரை இருந்திருக்கிறார். கேட்டதற்கு, இருமல், படுத்தால் கூடுது என்றாராம். இதைச் சொல்லும்போது அந்தப் பெண் சோலைமலையைப் பார்க்கவில்லை.

சுவரில் ஆணி அடித்திருந்தது. அதற்குக் கீழே சட்டம் போட்ட படமொன்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"மாட்டுங்கண்ணே, மாட்டுங்கண்ணேன்னு நானும் சொல்லிட்டேன்" என்றார் பக்கத்து வீட்டுக்காரி. சோலைமலை தலையைத் திருப்பிக்கொண்டதும் அந்தப் பெண் எழுந்து போய்விட்டார்.

நான் படிவத்தை எடுத்தேன். பெயர், வயது, இறந்த திகதி, இறந்த இடம். எல்லாவற்றுக்கும் மெதுவாகப் பதில் சொன்னார். பிறகு, இறந்தவர் கடைசி வாரங்களில் தன் உடல்நிலை மோசமாவதை யாரிடமாவது சொன்னாரா என்ற கேள்வி வந்தது. குடும்பத்தார், அயலவர், வைத்தியர், யாரிடமும் இல்லை. நான்கு கட்டங்கள்.

"யார்கிட்டயும் இல்லன்னு போடுங்க."

பேனாவை நான்காவது கட்டத்தில் வைத்தேன். கோடு போடவில்லை.

"தெனமும் போன்ல பேசுவா. சாப்டீங்களா, மொதலாளி ஏசுறாரா, இடுப்பு வலி எப்படி இருக்கு. எல்லாம் என்னைப் பத்தித்தான். நீ எப்படி இருக்கேன்னு கேட்டா, நல்லாருக்கேன். ஒவ்வொரு நாளும் நல்லாருக்கேன்."

அவர் குரல் கோபமாகத்தான் இருந்தது.

"முப்பத்தோரு வருசம் புள்ள. ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டாலும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போடுவா. அப்படி என்னா நான் வேத்தாளு? எல்லாரும் அழுறாங்க, எனக்கு அழுகை வரல. அவ மூஞ்சியப் பாக்கவே புடிக்கல. ஒரு ஆளுகிட்ட, யாரோ ஒரு ஆளுகிட்டயாவது வாயத் தொறந்து சொல்லியிருந்தா, அவ உசுரோட இருக்கணும்னு நெனச்சான்னாவது நான் மனச ஆத்திக்குவேன். மறைச்சிட்டுப் போயிட்டா."

வெளியே யாரோ குழாயடியில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. டொக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. நான்காவது கட்டத்தில் ஒரு கோடு போட்டால் வேலை முடிந்துவிடும். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சோலைமலை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் கோடு போடுவதற்காக.

"அவங்க மறைக்கல ஐயா."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் காதைச் சற்று முன்னால் கொண்டுவந்தார். நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன்.

"சொன்னாங்க. எங்கிட்ட சொன்னாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, கொறஞ்சுகிட்டே வருதுன்னு கணக்கா சொன்னாங்க. எனக்குத்தான் ஐயா வெளங்கல. நான் எழுதி வச்சிட்டு, யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்."