இறுக்கமான குமிழ்

பெட்டியைப் பிரிக்கும்போது கொழுந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். விடிவதற்கு முன்பே கடை வாசலில் வரிசையில் நின்று, மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, வாங்கிய கையோடு நேராக அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் கறுப்பாக, நோட்டுப் புத்தகத்தின் அகலத்தில், பக்கத்துக்கு ஒரு குமிழோடு அந்தக் கையடக்க வீடியோ கேம் கன்சோல் படுத்திருந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, எதிர் நாற்காலியில் இருந்த அண்ணியிடம் காட்டினான்.

“அண்ணி, இதுக்கு மேல மனுஷன் புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. அவ்ளோதான், முடிஞ்சுது.”

வீட்டில் அவனுக்குத் தீர்ப்பு என்று பெயர். கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குள் வில்லை பொருத்துகிற வேலை. வருகிறவர்களிடம் “இப்ப தெளிவா தெரியுதா?” என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, எதைப் பார்த்தாலும் உடனே ஒரு முடிவு சொல்லியாக வேண்டும் என்ற வியாதி வந்துவிட்டது. பல்பசை, செருப்பு, பக்கத்து வீட்டுக்காரரின் குணம், எதுவானாலும் சுடச்சுடத் தீர்ப்பு வரும். மறுவாரம் மேல்முறையீடு செய்து அதை மாற்றுகிறவனும் அவனேதான்.

அண்ணி சிரித்தாள். வாங்கிப் பார்க்கத்தான் முடியவில்லை. இடது கை மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் நுனி வரைக்கும் உறைக்குள் கிடந்தது. பத்து வருஷமாகச் சரக்கு முனையத்தில் கிரேன் ஓட்டுகிறவள் அவள். பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒரு வீட்டையே தூக்கி வைப்பதுபோலக் கன்டெய்னர்களை எடுத்து அடுக்குகிற வேலை. காற்றிலும் மழையிலும் ஒரு கீறல் விழாதவளுக்கு, சமையலறையில் தக்காளி டின்னின் மூடி எமனாக வந்தது. கட்டைவிரலை மடக்குகிற தசைநார் சுத்தமாக அறுந்துபோயிற்று. மருத்துவர் அதைத் தேடிப் பிடித்து இழுத்துத் தைத்தார். ஆறு மாதத்துக்குள் விரல் திரும்ப வேண்டும், பரிசோதகர் முன்னால் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும், இல்லாவிட்டால் நிரந்தரமாகக் கீழே வாயிலில் சீட்டு எழுதுகிற மேசைதான் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்துவிட்டது. கூண்டில் இடது கைப்பிடியின் தலையில் ஒரு சிறு குமிழ் இருக்கிறது. சரக்கை முன்னும் பின்னும் நகர்த்துவது அதுதான், அதைக் கட்டைவிரல் ஒன்றுதான் தொடும். சீட்டு எழுதுவது கேவலமான வேலை இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் மேலே ஏறிக் கதவைச் சாத்தியதும் தன் மனசு அடங்குகிற மாதிரி பூமியில் வேறெங்கும் அடங்கியதில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம், “சும்மா உக்காந்தா எனக்கு உடம்பு ஏறிடும்பா” என்று மட்டும் சொல்வாள்.

கீழே நின்று கையசைத்து அவளுக்கு வழிகாட்டுகிற சிக்னல்காரர் வாரம் ஒரு தடவை போன் செய்தார். “சீக்கிரம் வாம்மா. உன் இடத்துல வந்திருக்கிறவன் ஓட்டுற ஓட்டுல எனக்கு ஆயுசு குறையுது” என்பார். அவள் சிரித்துவிட்டு, போனை வைத்தபின் உறைக்குள் இருக்கும் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்று வாரம் கழித்து, தீர்ப்பு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். கன்சோலை சோபாவில் தொப்பென்று போட்டான்.

“குப்பை அண்ணி. சுத்தக் குப்பை. குமிழத் தள்ளித் தள்ளி விரல் வீங்கிப்போச்சு. துருப்பிடிச்ச தாழ்ப்பாள் மாதிரி இருக்கு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

“நான் மட்டுமா சொல்றேன்? உலகமே சொல்லுது. இந்தாங்க, படிச்சுப் பாருங்க.”

உலகம் சொல்லத்தான் செய்தது. வாங்கியவர்கள் கூடிப் பேசுகிற இணையக் குழுவை அவன் போனில் காட்டினான். முதல் வாரம் முழுக்க முத்தமும் இதயமுமாக இருந்த இடத்தில் இப்போது வசைமாரி. திரை அழகு, சத்தம் அழகு, குமிழ் மட்டும் கல்லு. இதைச் செய்தவனை இதைக் கொண்டே அடிக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதை ஆமோதித்திருந்தார்கள். தீர்ப்பும் ஆமோதித்திருந்தான். போகும்போது, “நீங்களே வச்சுக்கோங்க, கதவுக்கு அண்டக் குடுக்கலாம்” என்றான். அவள் கணவன், அச்சகத்தில் வேலை, அதிகம் பேசாத மனுஷன். அதை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தான்.

உறை கழன்றபோது விரல் வேறு யாருடையதோ போல இருந்தது. மெலிந்து, வெளிறி, சொன்ன பேச்சைக் கேட்காமல் நின்றது. விரலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண் இரண்டு விரலுக்கு நடுவே ஒரு கருவியை வைத்து நசுக்கச் சொன்னாள். முள் ஒன்றரையைக்கூடத் தொடவில்லை. கை தேறிவிட்டது என்ற சான்றிதழுக்கு ஆறு வேண்டும். பச்சை நிறத்தில் களிமண் மாதிரி பிசின் உருண்டை ஒன்றைக் கொடுத்து, தினமும் பிசையச் சொன்னாள். அவளும் பிசைந்தாள். பத்து நிமிஷத்தில் அலுப்பு, பதினைந்தாவது நிமிஷத்தில் அழுகை. யாருக்காக மாவு பிசைகிறோம் என்றே தெரியாமல் எத்தனை நாள் பிசைவது?

ஒரு மத்தியானம் அலமாரியைத் துடைக்கும்போது அந்தக் கன்சோல் டப்பாவை எடுத்து, சும்மா ஆன் பண்ணி, இடது குமிழில் கட்டைவிரலை வைத்தாள். நகரவில்லை. பல்லைக் கடித்துத் தள்ளினாள். ஒரு மயிரிழை நகர்ந்தது. திரையில் விளையாட்டு நரி ஒன்று ஒரு அடி எடுத்து வைத்தது. அவ்வளவுதான், அடுத்த பாறைக்கு அது தாவுவதைப் பார்த்தே தீர வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம் பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. நரி மூன்று பாறை தாண்டியிருந்தது. விரல் நெருப்பாக எரிந்தது, ஆனால் அது தன் விரலின் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் சிகிச்சைக்குப் போய்ப் பையிலிருந்து அதை எடுத்ததும் பிசியோ பெண் முகத்தைச் சுளித்தாள். “என்னக்கா, விளையாட்டுச் சாமான எல்லாம் தூக்கிட்டு வர்றீங்க?” பிறகு தானே குமிழைத் தள்ளிப் பார்த்தாள். இன்னொரு தடவை தள்ளினாள். புருவம் மெல்ல ஏறியது. “இவ்ளோ இறுக்கமாவா வச்சிருக்கான்? நல்லாருக்கே! கால் மணி நேரம், ஒரு நாளைக்கு மூணு வேள. அதுக்கு மேல தொட்டீங்கன்னா பிடுங்கி வச்சுக்குவேன்.”

மருந்து மாதிரி மூன்று வேளை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறார்களே, முள் நகர்ந்தது. இரண்டரை, மூன்றே கால், நாலு. அவளுக்கு அந்தக் கன்சோல்மேல் நாய்க்குட்டிமேல் வருகிற மாதிரி ஒரு பிரியம் வந்துவிட்டது. அதைவிட, எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து இந்தக் குமிழுக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுத்த முகம் தெரியாத அந்த ஆளை அடிக்கடி நினைத்துக்கொண்டாள். பாவம், ஊர் வாயில் எல்லாம் விழுந்துகொண்டிருக்கிறாரே. ஒரு நாள் மனசு கேட்காமல், அந்தக் குழுவிலேயே தன் விரல் கதையை நாலு வரியில் எழுதி, செய்தவருக்கு நன்றி என்று முடித்தாள். வந்த முதல் பதில்: “கம்பெனி உங்களுக்கு எவ்வளவு குடுத்துச்சு?” அவளுக்குக் கோபம் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று மூடி வைத்துவிட்டாள்.

ஐந்தாவது மாதம் கம்பெனி இறங்கி வந்தது. கொண்டுவந்து கொடுத்தால் குமிழை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அலமாரியில் டப்பாவைக் காணோம். கணவனைக் கேட்டால், “தம்பி எடுத்துட்டுப் போனான், ஏதோ உனக்கு நல்லது பண்றேன்னான்” என்றான். போன் போட்டால் அவன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தீர்ப்பு வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். சம்பளமில்லா லீவு போட்டு, சர்வீஸ் சென்டர் வரிசையில் நாலு மணி நேரம் நின்றிருக்கிறான்.

“அண்ணி, இப்பத் தள்ளிப் பாருங்க. வெண்ணெய்!”

தொட்டாள். குமிழ் சரேலென்று விளிம்புக்கு ஓடியது. நரி தலைகீழாக ஆற்றில் விழுந்தது.

“உன்ன யாருடா கேட்டா?” அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. “இன்னும் ஒம்போது நாளு. ஆறுக்கு அரை பாயிண்டுதான் கொறச்சல். அந்த இறுக்கம்தான்டா எனக்குக் கை. அதப் போயி புடுங்கிட்டு வந்து வெண்ணெய்ங்கிற!”

“உங்களுக்கு வலிக்குமேன்னுதான்...” என்று தீர்ப்பு முனகிவிட்டு, ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமலே படியிறங்கிப் போனான். நல்லது செய்யப் போய் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டானே என்று கணவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் காலையில் பச்சைப் பிசினையே வெறியோடு பிசைந்தாள். பிறகு வேறு வழியில்லாமல் டப்பாவை எடுத்தாள். நரி விழுந்தது. மெதுவாகத் தள்ளினாள், விழுந்தது. இன்னும் மெதுவாக, அப்போதும் விழுந்தது. இருபது தடவை விழுந்திருக்கும். இவ்வளவு லேசான ஒன்றை எப்படிய்யா பிடித்து நிறுத்துவது என்று சலித்துக்கொண்டபோதுதான் அவள் கை அப்படியே நின்றது. கூண்டுக்குள் இருக்கிற குமிழும் இவ்வளவு லேசுதானே! ஈ உட்கார்ந்தால் நகரும் என்று தானே எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஐந்து மாத வலியில் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தாள். இந்த முரட்டு விரலோடு மேலே ஏறி உட்கார்ந்திருந்தால் தொங்குகிற சரக்கு ஊஞ்சலாக ஆடியிருக்கும். கீழே சிக்னல்காரர் நின்றிருப்பார். விரலுக்குப் பலம் வந்திருக்கிறது, அடக்கம் வரவில்லை.

உடனே தீர்ப்புக்குப் போன் போட்டாள்.

“டேய், நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நீ பண்ணதுதான்டா சரி. நீ மட்டும் மாத்திட்டு வரலன்னா நான் போயி மண்ணக் கவ்வியிருப்பேன்.”

“நெஜமாவா அண்ணி?”

“நெஜமாத்தான். அந்த மொத குமிழுக்கும் நன்றி, இந்தக் குமிழுக்கும் நன்றி. வரிசையில நின்ன உனக்கு ரெண்டு பங்கு.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “அப்ப நீங்களும் தீர்ப்ப மாத்துறீங்க” என்றான்.

எட்டு நாள். காலையில் பலத்துக்குப் பிசின், மற்ற மூன்று வேளையும் நரி. ஐந்தாம் நாள் அது ஆற்றின் நடுப் பாறையில் அசையாமல் நின்றது. ஏழாம் நாள் பிசியோ பெண்ணின் முள் ஆறைத் தொட்டு, கொஞ்சம் தாண்டியும் நின்றது. அந்தப் பெண் எழுந்து வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

தேர்வன்று வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறிக் கூண்டின் கதவைச் சாத்தினாள். உட்கார்ந்ததும் இடது கட்டைவிரலை ஒரு தடவை மடக்கி நீட்டினாள். கீழே பரிசோதகர் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பிய ஒரு பீப்பாயைக் கொக்கியில் மாட்டச் சொல்லியிருந்தார். இரண்டு வரிசைக் கன்டெய்னர்களுக்கு மேலாகத் தண்ணீர் சிந்தாமல் கொண்டுபோய், அந்தப் பக்கம் தரையில் சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள் இறக்க வேண்டும். எதுவும் விளக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

சிக்னல்காரரின் வலது கை உயர்ந்தது. அவள் தூக்கினாள். கட்டைவிரல் குமிழின்மேல் இருப்பதே குமிழுக்குத் தெரியாத மாதிரி இருந்தது. பீப்பாய் முதல் வரிசையைக் கடந்தது, இரண்டாவதைக் கடந்தது. நடுவில் ஒரு காற்று வந்து கம்பியைத் தொட்டது. அவள் விரலை அந்தக் காற்றோடு கொஞ்சம் போகவிட்டுத் திரும்ப அழைத்துக்கொண்டாள். இறங்கு, இறங்கு என்று அவர் உள்ளங்கை கீழே அசைந்தது. பிறகு முஷ்டி மூடியது. கம்பி தளர்ந்தது.

அவள் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் ஒரு சின்ன வெளிச்சமாக மட்டும்தான் தெரிந்தது. பரிசோதகர் குனிந்து, பீப்பாயைச் சுற்றி ஈரமில்லாமல் காய்ந்து கிடந்த தரையைப் பார்த்தபடியே மெதுவாக ஒரு சுற்று நடந்தார். நின்று தாளில் எதையோ எழுதத் தொடங்கினார். அவர் எழுதி முடிக்கும்வரை சிக்னல்காரர் காத்திருக்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தார், கையுறைகளை உருவி அதன்மேல் போட்டார், பீப்பாய்க்குள் இரண்டு கையையும் விட்டுத் தண்ணீரை அள்ளி, முகத்தில் அறைந்து அறைந்து கழுவினார்.