பதினாலு கிலோ மோட்டார்

"இருபத்தேழு கிலோ! உங்களுக்கு என்ன—"

"ஆறு குதிரைசக்தி, அதைப் பாரு முதல்ல. நீரோட்டம் எதிர்த்து வந்துச்சுன்னா—"

"ஆறோ அறுபதோ, என் கைக்கு வர்றது எத்தனை கிலோ? அதைச் சொல்லுங்க."

"கையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். முதல்ல படகுக்கு—"

"அப்புறம்னா எப்ப? தண்ணில விழுந்த பிறகா? தூக்கப் போறது நான்."

மோட்டார் கடையில் வேறு வாடிக்கையாளர் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. மரச் சட்டத்தில் வரிசையாக மாட்டியிருந்த மோட்டார்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தன. கடையின் சொந்தக்காரியான மெக்கானிக், கையில் இருந்த கிரீஸை ஒரு கிழிந்த துணியில் துடைத்தபடி, இவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளிக்காகக் காத்திருந்தாள்.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வெளியே எல்லோருக்கும் அவர் 'வாத்தியார்' மட்டும்தான். அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவள். ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்தில் அவர்களுக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தது, ஐந்து மீட்டர் நீளம். போகும்போது காற்று கொண்டுபோய்விடும். திரும்பும்போது காற்று படுத்துக்கொண்டால்தான் மோட்டார் வேண்டும். படகு கரையிலிருந்து ஐம்பதடி தள்ளி நங்கூரத்தில் நிற்கும். துறைக் காவலர் போட்ட சட்டம் ஒன்று: எந்த மோட்டாரும் ராத்திரி படகில் இருக்கக் கூடாது, கழற்றிக் கொண்டுவந்து கொட்டகைக்குள் வைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு தடவையும் துடுப்புப் படகில் மோட்டாரை ஏற்றிப் போய், ஆடுகிற தண்ணீர்மேல் எழுந்து நின்று, பின்பலகையில் மாட்ட வேண்டும். சாயங்காலம் அதே கூத்து தலைகீழாக.

பழைய மோட்டாருக்கு வாத்தியார் வைத்திருந்த பெயர் 'மாமனார்'. எத்தனை தடவை இழுத்தாலும் எழுந்திருக்காது, எழுந்தால் ஊருக்கே கேட்கக் கத்தும் என்பார். "எங்கப்பா காலைல நாலு மணிக்கே எழுந்திருப்பாரு, உங்களைப் போலவா?" என்று அவளும் விடமாட்டாள். போன மாதம் அந்த மாமனாரைத் தூக்கும்போதுதான் வாத்தியாரின் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. இனி ஆயுசுக்கும் ஐந்து கிலோவுக்குமேல் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அதே வாரம் மாமனாரும் ஒரேயடியாக மூச்சை விட்டார்.

சேதி கேட்டதும் வாத்தியாரின் தம்பி போன் செய்தான். "அண்ணே, ஞாயித்துக்கிழமை வந்து படகை நான் எடுத்துக்கறேன். சும்மா நின்னு பாசி பிடிக்கறதுக்கு நான் ஓட்டினா என்ன?" வாத்தியார் 'சரி' என்று சொல்லவில்லை. 'இல்லை' என்றும் சொல்லவில்லை. அது அவளுக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் தூக்கக்கூடிய ஒரு மோட்டார் படகில் ஏறவில்லை என்றால், படகு போய்விடும். இன்று வெள்ளி.

"அக்கா, நீங்க எத்தனை கிலோ வரைக்கும் தூக்குவீங்க?" மெக்கானிக் கேட்டாள்.

"தையல் மெஷின் தலை பன்னெண்டு கிலோ. தினம் மேஜையிலேர்ந்து கழட்டி எண்ணெய் போட்டு மாட்டறேன். இருபத்தெட்டு வருஷமா."

"தையல் கடைத் தரை ஆடாது," என்றார் வாத்தியார்.

"ஆடினாலும் மாட்டுவேன்."

மெக்கானிக் சிரித்துவிட்டாள். சிரிப்பை மறைக்க, ஓரத்தில் இருந்த பேட்டரி மோட்டாரைக் காட்டினாள். "இது மோட்டார் தனி, பேட்டரி தனி. ரெண்டு தடவையா தூக்கலாம். சத்தமே வராது."

"சத்தம் வராதா? அப்ப இவருக்கு வீட்டுல பேச ஆளில்லாத மாதிரி இருக்கும்."

"முழு வேகத்துல எவ்வளவு நேரம் ஓடும்?" வாத்தியார் கேட்டார்.

"ஒரு மணி நேரம் சார். மெதுவா போனா இன்னும் கொஞ்ச நேரம் வரும்."

"துறையில சார்ஜ் போட ப்ளக் கிடையாது. பாதி வழில நின்னா?"

இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். மெக்கானிக் அதை அப்படியே ஓரங்கட்டிவிட்டு, சட்டத்தின் கடைசியில் இருந்த சின்ன மோட்டாரிடம் வந்தாள். "ரெண்டரை குதிரைசக்தி, பெட்ரோல். டாங்க் உள்ளேயே இருக்கு. பதிமூணு கிலோ."

"ரெண்டரையா? அது மாவு அரைக்கக்கூட ஆகாதும்மா."

"சார், உங்க படகு ஆளோட சேத்து நானூறு, நானூத்தம்பது கிலோ இருக்குமா? இது தாராளமா தள்ளும். நீரோட்டம் வெறி பிடிச்சு இறங்கற நேரத்துல ஆறு குதிரையும் திணறத்தான் செய்யும். ஒரு மணி நேரம் பொறுத்து வர்றதுதான் புத்தி."

வாத்தியாரின் மனைவி அதற்குள் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்து, சட்டத்திலிருந்து கழற்றி, இடுப்புக்குக் கொண்டுவந்து, திரும்பவும் மாட்டிவிட்டாள். மூச்சு வாங்கவில்லை. கொஞ்சம் வாங்கியிருக்கலாம், ஆனால் அதைக் காட்டவில்லை.

"இதுல கால் ரெண்டு வகை," என்றாள் மெக்கானிக். "தண்ணிக்குள்ள இறங்கற தண்டைத்தான் சொல்றேன். குட்டைக் கால், நெட்டைக் கால். நெட்டை அஞ்சு அங்குலம் நீளம், ஒரு கிலோ கூடுதல். கால் நுனியில சுத்தற விசிறி எப்பவும் தண்ணிக்குள்ள முங்கி இருக்கணும், அதுதான் கணக்கு. உங்க பின்பலகை தண்ணிக்கு மேல எவ்வளவு நிக்குது?"

இந்தக் கேள்விக்காகத்தான் வாத்தியார் காலையிலிருந்து காத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கட்டம் போட்ட தாளை எடுத்து விரித்தார். படகு, தண்ணீர் மட்டம், பின்பலகை, எல்லாம் அளவோடு பென்சிலில் வரைந்திருந்தது. "ஏழு அங்குலம்," என்றார்.

"அப்ப குட்டைக் காலே போதும். பதிமூணு கிலோ. நாளைக்குத் துறைக்குக் கொண்டுவரேன், மாட்டி ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"ஆடற தண்ணில தூக்கட்டும், அப்புறம் பாக்கலாம்," என்றார் வாத்தியார்.

"பாக்கலாம்," என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் சீருடைகளை ஓரம் தள்ளிவிட்டு, பைகளுக்குப் போடுகிற தடித்த நாடாவை எடுத்து மோட்டாருக்கு ஒரு பட்டை தைத்தாள். மோட்டாரின் கழுத்தைச் சுற்றி வருகிற மாதிரி ஒரு வளையம், மேலே இரண்டு கையும் நுழைகிற பிடி, பக்கத்தில் ஒரு கயிறு கட்ட இன்னொரு வளையம். மூட்டுகளில் சதுரமாகவும் குறுக்காகவும் நாலு தடவை தையல் ஓட்டினாள்.

"யானையைக் கட்டப் போறியா?" என்றார் வாத்தியார்.

"ஆமா. நீங்க அசையாம இருங்க."

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. துடுப்புப் படகில் அவள் வலித்தாள், அவர் எதிரே மோட்டாரைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாய்மரப் படகை அடைந்ததும் பட்டையின் கயிற்றை முதலில் படகில் கட்டினாள். கை நழுவினாலும் மோட்டார் ஆற்றுக்குப் போகாது. பிறகு முழங்காலை விளிம்பில் ஊன்றி, பிடியில் இரண்டு கையையும் விட்டாள்.

"மெதுவா. இடது பக்கம் சாயாத—"

"பேசாதீங்க."

"நான் சொல்றது—"

"மூச்சுகூட விடாதீங்க."

ஒரு அலை வந்தது. அது போகட்டும் என்று விட்டாள். அடுத்த அலை வருவதற்குள் மோட்டார் பின்பலகையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு திருகாணிகளையும் இறுக்கிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். வாத்தியார் உண்மையாகவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

"விடலாம் இப்ப," என்றாள்.

இரண்டாவது இழுப்பில் மோட்டார் எழுந்தது. வாத்தியார் வழக்கம்போலப் பின்னால் போய் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துக்கொண்டார், அவள் வழக்கம்போல முன்னால் உட்கார்ந்தாள். படகு நேராகத் துறைக்கு வந்தது. மேடையில் நின்ற மெக்கானிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"மோசமில்ல," என்றார் வாத்தியார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

"இப்ப நீங்க இறங்குங்க."

"எதுக்கு?"

"முதுகு வலிக்கற அன்னிக்கு நீங்க வரமாட்டீங்க. அன்னிக்கும் நான் போவேன். தனியா ஓட்டிப் பாக்கணுமா இல்லையா?"

அவர் மேடையைப் பிடித்து இறங்கினார். அவள் ஒருத்தியாக வெளியே போனாள். பாயை ஏற்றினாள். காற்று லேசாகத்தான் இருந்தது, ஆனாலும் படகு சாய்ந்து ஓடியது. அங்கே ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பினாள். பாயை இறக்கப் படகின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்க வேண்டும், அதற்கு மோட்டார் மெல்லத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். சுக்கானை ஒரு கயிற்றில் கட்டிவிட்டு, பாயை இறக்க முன்னால் போனாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். மிதித்த பூனைபோல மோட்டார் அலறியது. விசிறி தண்ணீரை விட்டு மேலே வந்து, காற்றைக் கடைந்துகொண்டு சுற்றியது. படகு தள்ளுதல் இல்லாமல் பக்கவாட்டில் திரும்ப, பாய் படபடவென்று அவள் தலைமேல் அடித்தது.

"நிறுத்துங்க அக்கா! நிறுத்துங்க!"

அவள் பாய்ந்து பின்னால் வந்தாள். அவள் வந்ததுமே விசிறி தண்ணீருக்குள் போய்விட்டது, அலறலும் நின்றுவிட்டது. ஒன்றும் நடக்காத மாதிரி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அரைகுறையாகத் தொங்கிய பாயோடு துறைக்கு வந்து சேர்ந்தாள்.

"பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன்!" வாத்தியாரின் குரலில் வருத்தமும் வெற்றியும் சேர்ந்து வந்தன. "ஆறு குதிரை வாங்கியிருந்தா—"

"ஆறு குதிரையும் கத்தும் சார்," என்றாள் மெக்கானிக். "அதுல சத்தம் இன்னும் பெரிசா வரும். சக்தி போதாம கத்தல இது. கால் எட்டல. அக்கா, உங்க டேப்பைக் குடுங்க. நீங்க முன்னாடி போய் நில்லுங்க."

அவள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எறிந்துவிட்டு முன்னால் போனாள். மெக்கானிக் மேடையில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, பின்பலகைக்கும் தண்ணீருக்கும் இடையே நாடாவைப் பிடித்தாள்.

"பதினொண்ணு."

"ஏழு," என்றார் வாத்தியார்.

"பதினொண்ணு சார். வந்து பாருங்க."

"நான் மூணு தடவை அளந்தேன்மா. மூணு தடவையும் ஏழு." தாளை விரித்தார். மெக்கானிக் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். படகிலிருந்தபடி அவளும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். படகின் பின்னால், சுக்கானுக்குப் பக்கத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம். அதற்குள் '80 கிலோ' என்று எழுதியிருந்தது.

"இது யாரு?" என்றாள் மெக்கானிக்.

அந்த எண்பது கிலோ துறை மேடையில் நின்றுகொண்டிருந்தது.

"நான்தான்," என்றார் வாத்தியார். "அளக்கறப்ப நான் அங்கதானே உக்காந்திருந்தேன். எப்பவும் அங்கதானே உக்காருவேன். என் பாரத்துல பின்பக்கம் அமுங்கியிருக்கு."

"முதுகு சரியில்ல, தூக்க முடியாது, படகே வேண்டாம்னு தம்பிக்குக் குடுக்கத் தயாரா இருக்கீங்க. கணக்குல மட்டும் இறங்க மாட்டேங்கறீங்களே," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை.

வாத்தியார் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நாற்பது வருடம் பிள்ளைகளின் தப்பைக் கண்டுபிடித்தவர். தன் தப்பைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது என்னவோ வெட்கம்தான். அதோடு, சரியான இடத்தில் தப்பைப் பிடித்துவிட்ட திருப்தியும் கொஞ்சம்.

"பதினொண்ணுல ஏழு போனா நாலு," என்றார். "நெட்டைக் கால் அஞ்சு அங்குலம் கூட. முங்கும். ஒரு அங்குலம் மிச்சமும் இருக்கு."

"முங்கும்," என்றாள் மெக்கானிக். "ஆனா பதினாலு கிலோ."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? கொண்டுவாங்க."

மெக்கானிக் வண்டியில் போய் அரை மணி நேரத்தில் நெட்டைக் காலோடு வந்தாள். அதற்குள் வாத்தியாரின் மனைவி படகை நங்கூரத்தில் விட்டு, குட்டைக் கால் மோட்டாரைக் கழற்றித் துடுப்புப் படகில் கரைக்குக் கொண்டுவந்திருந்தாள். இந்த முறை நெட்டைக் காலோடு அதில் தனியாக ஏறினாள். வாத்தியார் வரட்டுமா என்று கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். துறையிலிருந்து பார்க்க, பதிமூன்றுக்கும் பதினாலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தூக்குகிற கைக்குத் தெரிந்தது. நீளமான கால் விளிம்பில் ஒரு தடவை இடித்தது. அவள் இறக்கவில்லை. இடுப்பை ஒரு அடி தள்ளி வைத்து, மோட்டாரின் காலை முதலில் தண்ணீர்ப் பக்கம் சாய்த்து, அதன் தலையைப் பிறகு கொண்டுவந்தாள். மெஷின் தலையை மேஜையில் மாட்டுகிற அதே சாய்வு. திருகாணி இறுகியது.

பாயை ஏற்றினாள். ஓடினாள். திரும்பினாள். சுக்கானைக் கட்டிவிட்டு முன்னால் போய், நின்றுகொண்டு, அவசரமே இல்லாமல் பாயை மடிப்பு மடிப்பாக இறக்கினாள். மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூட அலறவில்லை.

"கத்தல சார்," என்றாள் மெக்கானிக்.

"கேட்டேன்," என்றார் வாத்தியார்.

அவள் படகைத் துறையோடு ஒட்டிக் கொண்டுவந்து, முன்கயிற்றை மேடைக்கு வீசினாள். வாத்தியார் பிடித்துக் கட்டினார். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார்.

"தம்பி. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்னு கேப்பான். என்ன சொல்லட்டும்?"

அவள் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போன் அவர் கையில் அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன வேணா சொல்லுங்க, ஆனா கயித்த அவுத்துக்கிட்டே சொல்லுங்க. வர்றதா இருந்தா முன்னாடி போய் உக்காருங்க, இங்க நான் இருக்கேன்."