கிறிஸ்டினாவுக்கு ஏறிய விலை

சாயங்கால சீரியலில் அண்ணியின் பாலில் எதையாவது கலந்தே பேர் வாங்கிய கிறிஸ்டினாவை, ஒரு வழியாக அந்தப் பெரிய போட்டிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பிரபலங்களை ஒரே பங்களாவில் அடைத்துவைத்துச் சண்டை போட விடுகிற டிவி நிகழ்ச்சி. சீரியல் முடிந்து, அடுத்த வேலை எதுவும் இல்லாத நேரம். கையெழுத்து வாங்கும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: முதல் நாள் வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது, கசிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம். பழவேற்காட்டில் இருக்கும் அப்பாவிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

அப்பா தேவதாஸ் ஏரியில் இறால் பிடிப்பவர். மீன் ஏலம் விடும் ஸ்டீபன்தான் அவருக்குத் தன் போனில் ஒரு ஆப்பைத் திறந்து காட்டினான். போட்டிக்கு யார் போவார்கள் என்று ஊர் உலகமே அதில் ஊகித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பேருக்கும் ஒரு விலை. போவார் என்று நம்புகிறவர்கள் வாங்க வாங்க, விலை நூறை நோக்கி ஏறும். காசு கிடையாது, சேர்ந்தவுடன் சும்மா கொடுக்கிற காயின்தான். கிறிஸ்டினா, ஆறு. அதே சீரியலில் வேலைக்காரியாக வந்த பெண், நாற்பது.

“இன்னாடா இது? எம்பொண்ணு இன்னா நாறுன மீனா, ஆறுக்கு நிக்கிறதுக்கு?”

“அது அந்த மாதிரி விலை இல்ல மாமா. போவாளா மாட்டாளானு ஒரு கணக்கு...”

“விலைனா விலைதான்டா. ஏத்து!”

ஸ்டீபனுக்கும் சூடு ஏறிவிட்டது. ஒரு கூடை இறாலைக் குறைத்துக் கேட்டாலே வியாபாரியோடு மல்லுக்கு நிற்கிற ஊர், பெற்ற பெண்ணை விட்டுக்கொடுக்குமா? மதியத்துக்குள் ஏலக் கூடத்தில் இருந்த அத்தனை போனிலும் ஆப் இறங்கியது. போன் இல்லாதவர்கள் மருமகள் போனைப் பிடுங்கினார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் பையன்களுக்கும் தகவல் பறந்தது. அவள் போட்டிக்குப் போவாள் என்று இவர்களில் ஒருவர்கூட நம்பவில்லை. நம்பிக்கையா முக்கியம், மானம் அல்லவா! விலை முப்பதானது, எழுபதானது. தொண்ணூறைத் தாண்டியதும் ஊரே விசில் அடித்தது.

டிவிக் கம்பெனியிலும் அதைப் பார்த்தார்கள். வாங்கியவர்களின் பேருக்குப் பக்கத்தில் ஊர் இருந்தது: பழவேற்காடு, பழவேற்காடு, பழவேற்காடு. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

“வீட்ல சொல்லிட்டீங்களா மேடம்?”

“சத்தியமா இல்ல சார்.”

“அப்புறம் அந்த ஆப்புல உங்க பேரை உங்க ஊரே வாங்குதே, எப்படித் தெரிஞ்சுது?”

அன்றே அவள் பேரை எடுத்துவிட்டார்கள்.

நிகழ்ச்சி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டினா அப்பா வீட்டில் இருந்தாள். எந்தத் துரோகி இதை ஆரம்பித்தான் என்று கேட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லத்தான் பஸ் ஏறி வந்திருந்தாள். டிவியில் அந்த வேலைக்காரிப் பெண் பட்டுப்புடவை சரசரக்கப் பங்களாவுக்குள் நுழைந்தாள். கிறிஸ்டினா அப்பா பக்கம் திரும்பினாள்.

“நைனா, அந்த ஆப்புல மொதல்ல ஏத்திவுட்டது யாரு?”

“நாந்தான்!” தேவதாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மகளின் கண்ணைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. “அழுவாத கண்ணு. அவுங்க உன்னெல்லாம் கூப்ட மாட்டாங்கனு எனக்கு அப்பவே தெரியும். அதுக்காக நாமளும் உன்ன வுட்டுட முடியுமா?”

கத்த வேண்டும் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கத்த வரவில்லை.

“ஆமா நைனா,” என்றாள். “கூப்டவே இல்ல.”