பெட்டிக்குள் போன பாஸ்போட்

என் கணவர் கனிசியஸ் எனக்கு முந்தியே வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். செத்துப்போன அவருக்குப் பாஸ்போட் இருந்தது, உயிரோடு இருந்த எனக்கு இல்லை. சென்னையிலிருந்து வந்த விமானத்தில் இறங்கி, பலாலியில் குடிவரவு மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றபோது இதை நினைத்துச் சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே வரவில்லை, அழுகைகூட. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு வாய் கிடக்குமே, அப்படி உடம்பு முழுக்கக் கிடந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு அடக்கம். அடுத்த நாள் குருநகரில் எங்கள் கோயில் திருநாளுக்குக் கொடியேற்றம். கொடி ஏறினால் திருநாள் முடியும்வரை எங்கள் பங்கில் செத்தவீட்டுப் பூசை வைப்பதில்லை. அதனால் இனியும் எனக்காகக் காத்திருக்க ஏலாது என்று பாதர் சொல்லிவிட்டார். செத்தவர்களைக் குளிரில் வைக்கும் மலர்ச்சாலையில் கிடந்த பெட்டியை அன்று காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பெட்டிக்குப் பின்னால் நடக்க மனைவி என்று நான் ஒருத்திதான். நாலு மணி தாண்டினால் அதுவும் இல்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என்னுடைய கடதாசியை வாங்கினார். சென்னையில் எங்கள் துணைத் தூதரகத்தில் தந்த தற்காலிகப் பயணப் பத்திரம். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் செல்லும். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“பாஸ்போட் எங்கை தொலைஞ்சது, அம்மா?”

“தெரியாது.”

“ஐசி? அடையாள அட்டை?”

“அதுவும் அதோடைதான் போச்சுது.”

“ரெண்டையும் ஒரே இடத்திலையோ வைச்சிருந்தனீங்கள்?”

ஓம், ஒரே இடத்தில்தான். அந்த இடம் எதுவென்றும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த மனிதருக்குப் பொய் சொன்னேன். பொய் சொல்லும்போது முன்பெல்லாம் எனக்குக் காது சுடும். அன்றைக்கு அதுவும் இல்லை.

இரண்டும் என் செபப்புத்தகத்துக்குள் இருந்தன. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அதுதான் வங்கி, அதுதான் இரும்புப்பெட்டி. தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் ஊரோடு இடம்பெயர்ந்தபோது என் அம்மா வீட்டிலிருந்த எல்லோருடைய ஐசியையும் பிறப்புப் பத்திரங்களையும் செபப்புத்தகத்தின் பிளாஸ்ரிக் உறைக்குள் செருகி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பையைப் பறிக்கிறவன்கூடச் செபப்புத்தகத்தைத் தொடமாட்டான் என்பது அவருடைய எண்ணம். அந்தப் பழக்கம் என்னிலும் ஒட்டிக்கொண்டது. சோதனைச்சாவடியில் ஐசி என்று கேட்டால் நான் புத்தகத்தைத்தான் திறப்பேன். சென்னை ஆசுபத்திரியில் முதல்நாள் பாஸ்போட்டைக் கேட்டபோதும் அப்படித்தான் திறந்தேன். நான் செபம் சொல்லப்போகிறேன் என்று நினைத்து அங்கிருந்த பிள்ளை பயபக்தியோடு எழுந்து நின்றாள். கனிசியஸ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்போது அவரால் சிரிக்க முடிந்தது.

அவருக்கு ஈரலில் வருத்தம். ஊரில் பார்த்து முடியாமல் சென்னைக்குக் கூட்டிப்போனேன். மூன்று மாதம் கிடந்து அங்கேயே முடிந்துபோனார். உடலை அனுப்புவதற்கு அவருடைய பாஸ்போட் வேண்டும் என்றார்கள். புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என்னுடையதை எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன்னர் அங்கே வேலை செய்த ஒருவர், “கூட வைக்கிறதுக்கு ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டார். செபமாலையைக் கையில் ஏற்கெனவே சுற்றிவிட்டிருந்தார்கள். அது சென்னையில் வாங்கிய புதுச் செபமாலை. சட்டையும் புதுசு. எங்கள் வீட்டுச் சாமான் ஒன்றுமே இல்லாமல் போகிறாரே என்று தோன்றியது. தோளில் கிடந்த பையைத் திறந்து, செபப்புத்தகத்தை எடுத்து, அவருடைய கைகளுக்குக் கீழே வைத்து, வெள்ளைச் சீலையை நெஞ்சுவரை இழுத்து மூடினேன். அவர்கள் மூடியைப் போட்டு திருகாணிகளை முறுக்கினார்கள்.

பெட்டி கொழும்புக்குப் போய் அங்கிருந்து வான் வண்டியில் வரும், நான் நேரே பலாலிக்கு வந்து அதற்கு முந்தி வீட்டில் நிற்பேன் என்றுதான் ஏற்பாடு. தங்கியிருந்த அறைக்குத் திரும்பிப் பயணத்துக்குப் பையை அடுக்கும்போதுதான் என்ன செய்தேன் என்பது விளங்கியது.

அப்போதே சொல்லியிருக்கலாம். பெட்டி இன்னும் சென்னையை விட்டுக் கிளம்பவில்லை. சொன்னால் நிறுத்துவார்கள். திறப்பார்கள். தெரியாத ஆட்கள் சுற்றி நின்று ஒவ்வொரு துணியாக விலக்குவார்கள். அந்த மூன்று மாதமும் ஆளுக்காள் அவரைத் திறந்து பார்த்தது போதும், மனிசன் நிம்மதியாகப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். தொலைந்துவிட்டது என்று பொலிசில் எழுதிக்கொடுத்தேன். தூதரகத்திலும் அதையே சொன்னேன். ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்ட கனிசியஸின் தம்பி ஜெரிசனுக்கும் அதேதான். பெட்டி ஊருக்குப் போய்ச் சேர்ந்த நேரம், முறைப்பாடு பதிந்து என் பாஸ்போட் செல்லாததாகிவிட்டது. இனி அதைச் சொல்லி என்ன பிரயோசனம் என்று விட்டுவிட்டேன்.

“தனியவோ இந்தியா போனனீங்கள்?” என்று அதிகாரி கேட்டார்.

“இல்லை, அவரோடை.”

“அப்ப அவர் எங்கை?”

“அவர் முந்தி வந்திட்டார். இண்டைக்கு நாலு மணிக்கு அடக்கம்.”

அவர் என்னைப் பார்த்தார். முத்திரையைக் குத்திவிட்டு எழுந்து, என் பையைத் தானே தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். நன்றி சொன்னேனா என்பது ஞாபகமில்லை.

வெளியே ஜெரிசன் வானோடு நின்றான். தாடி வளர்ந்து ஆள் வாடிப்போயிருந்தான். பலாலி வீதியில் கொஞ்சத்தூரம் வந்தோம்.

“அண்ணி, ஒரு பிரச்சினை,” என்றான் பிறகு. “காலமை பெட்டியைத் திறந்தனாங்கள். அம்மா சொல்லுறா, உள்ளுக்கை இருக்கிறது அண்ணை இல்லையாம்.”

“மீசை எடுத்திருக்கு, ஜெரிசன். ஒட்சிசன் முகமூடி போடேக்கை ஆசுபத்திரியிலை வழிச்சவை. உடம்பும் அரைவாசிதான்.”

“அதெல்லாம் சொல்லிப் பாத்திட்டன். காதும் அண்ணையின்ரை காது மாதிரி இல்லையாம். சென்னையிலை பெட்டி மாறிப்போச்சுது எண்டுறா. இப்ப சனமும் அதைத்தான் கதைக்குது. எங்கையோ அப்பிடி ஒருக்கா நடந்ததாமெல்லே.”

“பெட்டியிலை பேர் ஒட்டியிருக்கே.”

“பேரை ஆரும் ஒட்டலாமாம். வீட்டாக்கள் ஒருமிச்சு ஓம் எண்டு சொல்லாமல் தான் அடக்கம் செய்யமாட்டன் எண்டு பாதரும் சொல்லிப்போட்டார்.”

“நீ பாத்தனீதானே? நீ என்ன சொன்னனீ?”

எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் வாகன நெரிசல். ஜெரிசன் முன்னால் நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கும் தெரியேல்லை அண்ணி,” என்றான்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கதிரைகள் நிறையச் சனம். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. வழக்கமாக இந்த நேரத்தில் பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுவார்கள். அழலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் முழுசிக்கொண்டு நின்றார்கள்.

மாமி, கனிசியஸின் தாய் சின்னத்தங்கம், குசினிக்குள்ளே நின்றார். தலையை வாரி முடிந்து, சலவைச் சீலை உடுத்தி, வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லி ஏவிக்கொண்டிருந்தார். மகனைப் பறிகொடுத்த தாயின் முகம் அங்கே இல்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வா பிள்ளை. ஆரோ பெத்த பிள்ளை மாறி இஞ்சை வந்து கிடக்குது. அந்தத் தாய் எங்கை இருந்து தேடுதோ தெரியேல்லை, பாவம். நீ ஆசுபத்திரிக்குப் போன் எடுத்துக் கதை. கனிசியஸ் அங்கை கட்டிலிலை உன்னைக் காணாமல் தேடிக்கொண்டு கிடப்பான்.”

“மாமி, நான் பக்கத்திலைதானே நிண்டனான். என்ரை கையுக்குள்ளைதான் போனவர்.”

“அது ஓம். ஆனா பிறகு பெட்டியிலை வைச்சது ஆரை எண்டு உனக்கு என்ன தெரியும்? எத்தினை நாள் நித்திரை இல்லாமல் நிண்டிருப்பாய். போய் வடிவாப் பார்.”

இறந்ததையும் ஒத்துக்கொள்கிறார், உயிரோடு கிடக்கிறார் என்றும் சொல்கிறார். அதில் மாமிக்கு ஒரு இடைஞ்சலும் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெட்டி கிடந்த அறைக்குள் போனேன்.

பெட்டியில் கிடந்தவரைப் பார்த்தேன். முகத்துக்குப் பவுடர் பூசியிருந்தார்கள். அது வியர்த்துத் திட்டுத்திட்டாகக் கருத்திருந்தது. உதடு அவர் ஒருநாளும் மூடாத விதமாக மூடியிருந்தது. மேலுதடு வெறுமையாக, நீளமாக, யாரோ அலுவலகத்து ஆள்போல இருந்தது. கடலில் தொழில் செய்த மனிசனுடைய எதுவும் அந்த முகத்தில் மிச்சமில்லை. நான்தானே பக்கத்தில் நின்று மூடியைப் போடவிட்டேன். அப்போது இப்படியா இருந்தார்? ஞாபகத்தில் தேடினேன். அந்த நாளே ஞாபகத்தில் இல்லை.

எத்தனையோ நாளுக்குப் பிறகு உள்ளுக்குள் ஏதோ அசைந்தது. அது ஆசை. மாமி சொல்வது ஏன் சரியாக இருக்கக்கூடாது? நடக்காத காரியமா?

பார்த்து அறிய எனக்கு ஒரு வழி இருந்தது. அந்த வீட்டில் எனக்கு மட்டுமே இருந்த வழி. சீலைக்குக் கீழே, கைகளுக்குக் கீழே புத்தகம் இருந்தால் இது கனிசியஸ். இல்லாவிட்டால் இது வேறு யாரோ. பாஸ்போட் தொலைந்துவிட்டது என்று ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிந்த நான், அது உண்மையாகவே தொலைந்திருக்க வேண்டும், யேசுவே, அது இங்கே இருக்கக்கூடாது என்று மன்றாடினேன். மன்றாடிக்கொண்டே சீலைக்குள் கையை விட்டேன். பிளாஸ்ரிக் உறை விரலில் பட்டது.

அப்படியே நின்றேன். கையை வெறுமையாக எடுத்திருக்கலாம். பந்தலில் பாதர் மணிக்கூட்டைப் பார்ப்பது யன்னலால் தெரிந்தது. வாசலில் மாமி, அவருக்குப் பின்னால் ஜெரிசன், அவனுக்குப் பின்னால் ஊர். கனிசியஸை வேறு யாரோ என்று சொல்லி இன்னும் எத்தனை நாள் மலர்ச்சாலைக் குளிருக்குள் போடுவது? புத்தகத்தை வெளியே இழுத்தேன். உறையைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து ஜெரிசனிடம் நீட்டினேன்.

அவன் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“அண்ணி, இது இதுக்குள்ளையோ கிடந்தது?”

“நான்தான் வைச்சனான். பெட்டி மூட முதல், என்ரை கையாலை. இது உன்ரை அண்ணைதான்.”

“அப்ப தொலைஞ்சது எண்டு சொன்னது?”

வெளியே முணுமுணுப்புக் கிளம்பியது. இவ்வளவு நாளும் பாஸ்போட் இங்கே கிடக்க அவள் அங்கே கிடந்திருக்கிறாளே என்று யாரோ ஒருத்தி எனக்குக் கேட்கவே சொன்னாள். சொல்லட்டும் என்று விட்டேன். நான் மாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி ஜெரிசனின் கையிலிருந்து பாஸ்போட்டை வாங்கினார். படத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு பெட்டிக்குக் கிட்டப் போய், சீலைக்கு வெளியே வந்திருந்த அந்தக் கையைத் தொட்டார். தொட்டபடியே மெல்ல மெல்ல நிலத்தில் உட்கார்ந்தார். அள்ளி முடிந்த தலைமயிர் அவிழ்ந்தது.

என்னைத் திட்டுவார் என்று காத்து நின்றேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. அவர் தலையை நிமிர்த்தி, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

“ஏன் பிள்ளை உடனை எடுத்தனீ? இன்னும் கொஞ்சம் பொறுத்து எடுத்திருக்கலாமே.”

“எனக்கும் அப்பிடித்தான் இருந்தது, மாமி,” என்றேன். அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து அழுதேன்.