வளர்ந்துகொண்டே போன சாட்சி

மைக்கைக் கையில் வாங்கித் தொண்டையைச் செருமியபோதுதான், கதவோரம் அப்பா உட்கார்ந்திருப்பதை ஆல்பர்ட் பார்த்தான். அப்பா சின்னராசு இந்தக் கிறிஸ்தவ சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதோடு அவருடைய பக்தி முடிந்துவிடும். இன்றைக்கு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, செருப்பை எட்டக் கழற்றிவிட்டு, பாயின் ஓரத்தில் கால் மடித்து உட்கார்ந்திருந்தார். உம் புள்ள மைக்ல பேசனா ஜனம் அழுவுது என்று டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். பிள்ளை பேசுவதைக் கேட்க ஆசையாக வந்திருக்கிறார்.

கர்த்தர் தனக்குச் செய்த நன்மை என்று ஆல்பர்ட் சொல்லப்போகும் சாட்சி முழுக்க முழுக்க அப்பாவைப் பற்றியது.

ஞானஸ்நானம் வாங்கி ஆல்பர்ட் என்று பேர் வைத்துக்கொண்ட புதிதில், உத்திரமேரூர் பக்கம் ஷீட் கூரை போட்ட இந்தச் சபையில் முதல் தடவை எழுந்து நின்றபோது அவன் சொன்னதெல்லாம் நிஜம்தான். "எங்கப்பா அதிகம் பேசமாட்டாரு. வேலைக்குப் போவாரு, வருவாரு. ஜெபத்துல கர்த்தரை அப்பான்னு கூப்ட்டப்போ மடியில உக்காந்தாப்புல இருந்தது" என்றான். ஒருத்தரும் அசையவில்லை. ஒரு அம்மாள் கொட்டாவி விட்டாள். அடுத்த தடவை அப்பா கன்னத்தில் விட்ட ஒரு அறை கதையில் சேர்ந்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும்? அறை பெல்ட் ஆனது. அப்பா குடிகாரர் ஆனார். தாமல் ஊர்க் கூட்டத்தில் சொன்னபோது, அவனை வேப்பமரத்திலும் கட்டிவைத்தார். திருப்புட்குழியிலிருந்தெல்லாம் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கடைசியாக நெற்றித் தழும்பும் வந்து சேர்ந்தது. சின்ன வயதில் கரும்பு லோடு ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து வாங்கிய தழும்பு அது. ரத்தம் ஒழுக ஒழுகப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக் கொல்லையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடிய மனுஷனைத்தான், ஊர் ஊராகப் போய், கம்பியால் அடித்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், அவனுடைய ஜெபம் பொய்யில்லை. முழங்காலில் நின்று அப்பா என்று கூப்பிட்டால் இன்றைக்கும் நெஞ்சு இளகிவிடும். அந்தத் தகப்பன் எவ்வளவு நல்லவர் என்று ஜனத்துக்குப் புரியவைக்க, இந்தத் தகப்பனைக் கொஞ்சம் கெட்டவராக்கினால் என்ன என்று நினைத்துவிட்டான், பாவி.

வேறு எதையாவது பேசிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் முன்வரிசையில் பாக்கியமேரி அக்கா முந்தானையைக் கையில் எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். சபைக்கே அந்தச் சாட்சி மனப்பாடம். ஆல்பர்ட் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். பெல்ட்டை விழுங்கினான், மரத்தை விழுங்கினான். முடிக்கலாம் என்று பார்த்தால், "அந்தக் காயத்த காட்டு தம்பி" என்றாள் அக்கா. முடியை ஒதுக்கிக் காட்டினான். "எங்கப்பா கம்பியால அடிச்சது" என்றான். முணுமுணுப்பாகத்தான் சொன்னான். மைக் அதைச் சபை முழுக்கக் கொண்டுபோனது.

ஜனம் அழுது ஓய்ந்ததும், கதவோரம் இருப்பது யார் என்று யாரோ ஏசுதாஸ் பாஸ்டரின் காதில் போட்டார்கள். பாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னராசுவைக் கைபிடித்து முன்னால் கூட்டிவந்தார்.

"ஐயா, உங்க புள்ள சொன்னத கேட்டீங்களா?"

"கேட்டேன் சாமி."

"மனசுல இன்னா தோணுது? பயப்படாம சொல்லுங்க."

சின்னராசு மகனைப் பார்த்தார். டிராக்டர்லேந்து வுயுந்துட்டான் சாமி என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்புறம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தலைகாட்ட முடியாது. சொல்லட்டும், சொல்லித் தொலைக்கட்டும் என்றும் ஆல்பர்ட்டுக்கு இருந்தது.

"ஆமா சாமி" என்றார் சின்னராசு. "நான்தான் அடிச்சேன். எம்புள்ள பொய் பேசமாட்டான்."

அல்லேலூயா என்று சபை முழங்கியது. பாக்கியமேரி அக்கா வாய்விட்டு அழுதாள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது ஆல்பர்ட்டுக்கு. இத்தனை பேர் நடுவில் அப்பா அடிவாங்குவதை, தானே கம்பியை நீட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிற மாதிரி வெட்கமாக இருந்தது.

பாஸ்டர் சொன்னபடி சின்னராசு தரையில் கையூன்றி, சிரமப்பட்டு முழங்காலில் நின்றார்.

"தம்பி, பரமபிதா உங்கள மன்னிச்ச மாதிரி, நீங்களும் உங்க அப்பாவ மன்னிச்சி, தலைமேல கைவெச்சி ஜெபம் பண்ணுங்க" என்று மைக்கை மறுபடி அவன் கையில் கொடுத்தார் பாஸ்டர்.

ஆல்பர்ட் கையை வைத்தான். எண்ணெய் தடவி அழுத்தி வாரிய தலை. வெயிலில் வந்த சூடு இன்னும் அடங்கவில்லை. நினைவு தெரிந்து அப்பாவின் தலையை அவன் தொட்டதே இல்லை. எப்போதும் ஜெபத்தை ஆரம்பிக்கிற அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

"சொல்லு நைனா" என்றார் சின்னராசு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எல்லாரும் காத்துக்கினு கீறாங்க பாரு."

சபை முழுக்கக் கண்ணை மூடியிருந்தது. ஜெபத்தில் கண்ணை மூட வேண்டும் என்று தெரியாத சின்னராசு மட்டும், முழங்காலில் நின்றபடி அண்ணாந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.