நீட்டி இழுத்த தசை

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. கூடத்தில் என் மனைவியும் அவள் தம்பி மனைவியும் கத்திக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நான், சரியாகக் கேட்கவில்லை என்று குழாயை மூடினேன். எழுத்தாளன் புத்தி.

2

தொடக்கம்: தசை இழைக்குள் நுண்ணிய கொக்கிகள் பற்றி இழுத்து விடுகின்றன, குடும்பமும் அப்படித்தான்...

(அடித்துவிட்டேன். குடும்பம் அப்படியெல்லாம் இல்லை.)

மறுபடி: தசை எவ்வளவு விசை தரும் என்று சமன்பாடு எழுதுவது என் மனைவியின் வேலை. அவள் தம்பி வேன் ஓட்டுகிறவன். தசை நலியும் நோய் கண்டவன். சுருங்கும் தசைக்கு அவள் கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து நீட்டி இழுக்கப்படும் தசைக்குப் பொருந்தவில்லை. நோயுற்ற தசையில் அந்த அளவீட்டை யாரும் எடுத்ததில்லை. ஏனென்று அவளுக்குத் தெரியும்: நலிந்த இழைகள் கிழிந்துபோகும்.

3

"கொஞ்சம் வலிக்கும்டா."

"உனக்கு ஒதவும்னா பண்ணுக்கா. எனக்கு என்ன?"

ஆய்வகத்து நாற்காலியில் அவன் தொடையை வாரால் கட்டினார்கள். அவன் காலை நீட்டி உதைக்க உதைக்க, இயந்திரம் அதை மடக்கியது. (சிரித்துக்கொண்டே உதைத்தான் என்று எழுதியிருந்தேன். நான் அங்கே இல்லை. எடுத்துவிட்டேன்.)

அளவீட்டுப் புள்ளிகள் அவள் சமன்பாட்டின் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தன. ஆய்விதழில் அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். சோதனை முடிந்த சில வாரங்களிலேயே அவனால் வேன் படியில் கால் வைக்க முடியவில்லை.

4

"நடந்து வந்த மனுஷன் அண்ணி! உங்க மெஷின்ல உக்காந்து எந்திரிச்சதுக்கு அப்புறம்தான் இப்படி."

"நோய் எப்படியும் அங்கதான் கொண்டுபோய் விட்டிருக்கும்."

"எப்போ? அதச் சொல்லுங்க. கணக்குப் போடுறவங்கதானே நீங்க?"

என் மனைவி சுவரைப் பார்த்தாள்.

5

முடிவு அ: மனைவி அழுது மன்னிப்புக் கேட்கிறாள். (கேட்கவில்லை.)

முடிவு ஆ: தம்பியே இருவரையும் சமாதானப்படுத்துகிறான். (கதாசிரியனுக்குத் தோதான நோயாளி. வேண்டாம்.)

நடந்தது இது. சண்டைக்கு மறுநாள் தம்பி ஃபோன் செய்தான். கட்டுரை வந்த சேதியைக் கேள்விப்பட்டிருந்தான்.

"என் பேரு போட்டிருக்கியாக்கா?"

"சோதனைக்கு வந்தவங்க பேரப் போடக்கூடாதுடா. 'முழு விவரம் சொல்லி ஒப்புதல் வாங்கினோம்'னு மட்டும் இருக்கு."



"தசை கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. கிழியும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். வாக்கியம் செய்து பிழைக்கிறவன் நான், ஒன்றுகூட வரவில்லை. அவன் இன்னும் லைனில்தான் இருக்கிறான். நீங்கள் அவளாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள்.