கழுவாமல் போன கால்

கழுவப்போகிற காலை வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவது எங்கள் ஊர்க் கோயிலில் வழக்கம். இயேசு சீடர்களின் பாதம் கழுவியதுபோல், பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கழுவுவார். அத்தனை பேரும் பவுடர் பூசிய காலோடுதான் உட்காருவார்கள். சாமியார் கையில் அழுக்கு ஒட்டினால் மரியாதைக் குறைவாம்.

2017இல் புதிதாக வந்த சாமியார் பெண்களையும் சேர்த்துச் சீட்டுக் குலுக்கினார். கடைசிச் சீட்டில் லூர்துமேரி என்று என் பெயர் வந்தது. நாற்பது வருஷமாகப் பின்வரிசையில் முட்டி போட்டவள் நான். முன்னால் போடுகிற அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் ஒன்று எனக்கு வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும்.

புதன்கிழமை, கோயில் கமிட்டிச் செயலாளர் தெய்வசிகாமணி வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். ரிட்டயர் ஆனாலும் பரீட்சைத் தாள் திருத்துகிற பார்வை அவரைவிட்டுப் போகவில்லை.

“காலக் காட்டு, லூர்து.”

காட்டினேன். குதிகால் வெடிப்பில் செம்மண் ஊறிப்போயிருந்தது.

“போட்டோ எடுப்பாங்க. இது நல்லாருக்காது. ஒங் கொழுந்தன் பொண்ண அனுப்பிடு. திண்டிவனத்துல படிக்குது, காலு நீட்டா இருக்கும்.”

“இந்தக் கால வச்சிக்கினுதான் சார் மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்கேன். சீட்டு எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் ஒக்காருவேன்.”

“நான் சொன்னா சொன்னதுதான்” என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் கிளியனூர்ப் பக்கம் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போனவள், சாயங்காலம் மோட்டார் கொட்டகையில் புடவையை மட்டும் மாற்றிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு நடந்தேன். வழியில் வாய்க்கால் வந்தது. வேண்டுமென்றே கால் நனையாமல் தாண்டினேன்.

பன்னிரண்டாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் வாத்தியார். செயலாளருக்கு வருஷா வருஷம் சீட்டு இல்லாமலே ஓர் இடம் உண்டு. முறைத்தார். பூசை தொடங்கிவிட்டதால் என்னை எழுப்ப முடியவில்லை.

வழக்கமாக ஒரு காலோடு முடிந்துவிடும். புதுச் சாமியார் இரண்டையும் கழுவிக்கொண்டு வந்தார். வாத்தியார் இடது காலை நீட்டினார். வலது கால் சாக்ஸைக் கழற்றவில்லை. சாமியார் மண்டியிட்டுக் காத்திருந்தார்.

“சுகர்ல ரெண்டு வெரல எடுத்துட்டாங்க சாமி. இது வேணாம்” என்று முனகினார்.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நொடியே, அவர் காலுக்கு நானும் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்து, கூசிப்போனேன். சற்றுமுன் வாசித்த நற்செய்தியில் சீடர் பேதுருவும் முதலில் காலைக் காட்ட மாட்டேன் என்றவர்தான். இயேசு குனிந்தது அழுக்குக் காலுக்கு. சுத்தமான காலுக்கு அவர் எதற்கு?

என் இரண்டு கால்களையும் நடுவே நன்றாக நீட்டிவைத்தேன். விரித்திருந்த வெள்ளைத் துணியில் செம்மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கோயிலே என் பக்கம் திரும்பியது. போட்டோ எடுக்கிறவரும் திரும்பினார்.

“கழட்டுங்க சார்” என்றேன் மெதுவாக. “எல்லாரும் என் காலத்தான் பாத்துக்கினு இருக்காங்க.”

அவர் குனிந்து சாக்ஸைக் கழற்றினார். சாமியார் கழுவினார்.

என் முறை வந்தபோது தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. மண் மட்டும் போகவில்லை.

“இன்னொரு குடம் தண்ணி வேணும்” என்றார் சாமியார்.

போய்க் கொண்டுவந்தவர் வாத்தியார். மூன்றே விரல் இருந்த அந்தக் காலில் சாக்ஸ் போட்டுக்கொள்ளாமல், எல்லார் முன்னாலும் நடந்து வந்தார்.